புரட்டாசி முடிஞ்சு டேப்பைத் திறந்தா சொட்டு வரலையா?

தென்னாப்பிரிக்கால ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்ட்ல இருக்கற ஒரு தம்பி கேட்டிருக்கற விஷயத்தை முதல்ல சுருக்கமா சொல்லிட்டு பதிலுக்கு வரேன். வீட்டுல பழைய ஒத்தைக் கதவு ஃபிரிட்ஜை கெகரேட்டரா, அதாவது டேப்பைத் திறந்தா பீர் வர்ற ஃபிரிட்ஜா மாத்தி வெச்சிருக்கார், உள்ள 19 லிட்டர் கெக் (பீர் பீப்பாய்) ரெண்டு, ஒண்ணுல அவரே காய்ச்சின பீர், இன்னொண்ணுல பிள்ளைங்களுக்கு ஜிஞ்சர் பீர், இஞ்சி சோடா மாதிரி. புரட்டாசிக்கு வீட்டுல கறி மீன் கிடையாது, அதோட சேத்து இவர் பீரையும் நிறுத்திட்டார். நிறுத்தறதுக்கு முன்னாடி பொறுப்பா லைனை (கெக்குலேருந்து டேப்புக்குப் போற குழாய்) கிளீன் பண்ணி, தண்ணி விட்டு அலசி, கெக்குலேருந்து கழட்டி உள்ளயே சுருட்டி வெச்சிருக்கார். மாசம் முடிஞ்சதும் சனிக்கிழமை பிராய் (கறி சுடற விருந்து) போட ஆளுங்களைக் கூப்பிட்டு, லைனை மாட்டி டேப்பைத் திறந்தா ஒண்ணுமே வரல. பிரஷர் பத்தலையோன்னு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரோட ரெகுலேட்டரை 30 பிஎஸ்ஐ (கேஸ் அழுத்தத்தோட அளவு) வரைக்கும் ஏத்தி ரெண்டு நாள் விட்டிருக்கார். இப்போ பீர் டேப் அப்படியே செத்துக் கிடக்கு, ஜிஞ்சர் பீர் டேப்புல வெறும் நுரை. ஃபிரிட்ஜ் குளிரைக் கட்டுப்படுத்தற கன்ட்ரோலர் 1 டிகிரியில இருக்கு, சென்சார் உள்ள காத்துல தொங்குது. கெக் போச்சா, ஃபிரிட்ஜ் போச்சான்னு கேக்கறார்.

ரெண்டும் போகல தம்பி. உங்க லைன்ல உறைஞ்சு கிடக்கறது அநேகமா பீரே இல்ல, தண்ணி. பொறுப்பா அலசினீங்க பாருங்க, அந்தத் தண்ணி.

நான் டர்பன்ல ஃபிரிட்ஜ், கோல்ட் ரூம் வேலை பாக்கறவன், ஊர்ல இருந்தப்போ தூத்துக்குடில மீனுக்கு ஐஸ் போடற ஃபேக்டரிலதான் தொழில் பழகினேன். அங்க பெரிய தகர டப்பால தண்ணி ஊத்தி உப்புத்தண்ணித் தொட்டில இறக்கினா, முழுக் கட்டியா இறுக ஒரு நாள் போல ஆகும், நடுவுல கடைசி வரைக்கும் தண்ணியாவே நிக்கும். ஏன்னா குளிர் வெளியிலேருந்து உள்ள போகணும், அவ்வளவு தண்ணி. உங்க பீர் லைன் அப்படி இல்ல. துளை 5 மில்லிமீட்டர்கூட முழுசா இருக்காது, 3 மீட்டர் லைன்ல மொத்தமே 50 மில்லி, கொஞ்சம் கூட இருக்கலாம், ஒரு சின்ன டீ கிளாஸ் அளவுகூட வராது. பக்கத்துல 19 லிட்டர் கெக் சும்மா மலை மாதிரி உக்காந்திருக்கும், அது ஒரு டிகிரி எறங்கவே ரொம்ப நேரம் புடிக்கும், லைன் மட்டும் ஃபிரிட்ஜுக்குக் குளிர் கொடுக்கற பின்பக்கத் தட்டுல சாஞ்சிடுச்சுன்னா அரை மணி நேரத்துல கதை முடிஞ்சுது. அதனாலதான் கெக் நல்லா இருக்கும், லைன் மட்டும் உறையும், ஆளுங்க குழம்பிப் போவாங்க.

இன்னொண்ணு, எல்லாம் ஒரே டிகிரில உறையாது. சுத்தத் தண்ணி 0ல உறையும். ஜிஞ்சர் பீர்ல சக்கரை இருக்கறதால இன்னும் அரை டிகிரி கீழ எறங்கும். 5 சதவீத பீர் மைனஸ் 2 பக்கம் போகணும். உங்க ஃபிரிட்ஜ்ல பின் தட்டுப் பக்கம் மைனஸ்ல ஓடியிருக்கு, அசையாம ஒரு மாசம் கிடந்த தண்ணி முதல்ல மாட்டிக்கிச்சு. ஜிஞ்சர் பீர் லைன் ஏன் முழுசா அடைக்கலைன்னா பிள்ளைங்க தினமும் டேப்பைத் திறந்து குடிச்சிட்டே இருந்திருப்பாங்க, கெக்குலேருந்து புதுசா வந்துட்டே இருந்தா உறைய நேரம் கிடைக்காது. விரதம் இருந்த லைன்தான் உறைஞ்சுது, வேற என்ன சொல்ல.

இப்போ கைவேலைக்கு வருவோம். முதல் வேலை சிலிண்டர் வால்வை மூடுறது. 30 பிஎஸ்ஐயோட ஒரு ஐஸ் அடைப்பைத் தள்ள நினைக்கறது வேண்டாத வேலை, அது நகராது, நகந்தா தோட்டா மாதிரி வரும். மூடிட்டு கெக் மூடில இருக்கற ரிலீஃப் வால்வைத் தூக்கிப் பாருங்க, புஸ்ஸுன்னு வரணும், வந்தா கேஸ் பிரச்சினை இல்லைன்னு முடிவாயிடுச்சு. ரெண்டு கெக் இருக்கறது உங்களுக்கு வசதி, பீர் லைனோட டிஸ்கனெக்டை (கெக்குல மாட்டற முனை) கழட்டி ஜிஞ்சர் பீர் கெக்குல மாட்டி டேப்பைத் திறங்க. அப்பவும் வரலைன்னா அடைப்பு லைன்லயோ டேப்புலயோதான். ஜிஞ்சர் பீர் ஓடிடுச்சுன்னா லைன் சரி, பீர் கெக்கோட உள் குழாய் அடியில வண்டலோ, ஹாப்ஸ் (பீர்ல போடற பூ) சக்கையோ அடைச்சிருக்கு, அது வேற வைத்தியம். கொஞ்சம் இஞ்சி வாசனை ஏறும், பரவால்ல. ஜிஞ்சர் பீரே எதுக்குத் தனியா சொல்றேன்னா வெறும் தண்ணி ஊத்தின கெக் ஒண்ணு சும்மா இருந்தா அதுலயே பாக்கலாம், உங்க கிட்ட இல்ல.

அப்புறம் லைனை மெதுவா விரலால தடவிக்கிட்டே போங்க, டேப் பக்கத்துலேருந்து கெக் வரைக்கும். நல்ல லைன் குளிர்ல விறைப்பா இருந்தாலும் அழுத்தினா கொஞ்சம் கொடுக்கும். உறைஞ்ச இடம் குச்சி மாதிரி இருக்கும், லேசா அழுத்தினா நறநறன்னு கைக்குத் தெரியும். அந்த இடம் பின் தட்டை ஒட்டி இருக்கும்னு இங்கிருந்தே சொல்றேன். மடக்கிப் பாக்காதீங்க, குளிர்ல பிளாஸ்டிக் வெடிச்சிடும்.

உருக்கறது ரொம்ப சுலபம், அவசரப்படாம இருந்தா. கெக்குலேருந்து டிஸ்கனெக்டைக் கழட்டிடுங்க, இது முக்கியம், ஏன்னா மாட்டி வெச்சே உருக்கினா அடைப்பு விட்ட அந்த நொடி முழுக் கெக்கும் டேப் வழியா தரைக்கு வரும். கழட்டினப்புறம் டேப்பைத் திறந்து வெச்சு அடியில ஒரு பாத்திரம் வெச்சு, ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணி கதவைத் திறந்து விட்டா ரெண்டு மூணு மணி நேரத்துல தானா எறங்கிடும். அவ்வளவு பொறுமை இல்லைன்னா டவர் (டேப் மாட்டியிருக்கற தூண்) பக்கத்து நட்டைக் கழட்டி லைனை முழுசா வெளிய எடுத்து, குழந்தையைக் குளிப்பாட்டற பதத்துல வெதுவெதுப்பா தண்ணி வெச்ச பக்கெட்டுல போடுங்க, பத்து நிமிஷம். கொதிக்கற தண்ணி வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம்.

ஹேர் டிரையர் எனக்கு எப்படித் தெரியும்னா, 2023ல லோட்ஷெட்டிங் உச்சத்துல இருந்தப்போ நடந்த கூத்து. அந்த வருஷம் கரண்ட் எப்போ போகும் எப்போ வரும்னு ஃபோனைப் பாத்துத்தானே பொழப்பே ஓட்டினோம். கரண்ட் போறதுக்கு முன்னாடி நல்லா குளிர வெச்சுட்டா தாங்கும்னு தெர்மோஸ்டாட் குமிழை கடைசி வரைக்கும் திருப்பி விட்டேன், திருப்பினதை மறந்துட்டேன். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கு, வெளிய சொன்னா வெக்கக்கேடு. தீபாவளிக்கு வீட்டுல நாப்பது பேர், டேப்பைத் திறந்தா ஒண்ணுமில்ல. எல்லாரும் கிளாஸோட நிக்கறாங்களேன்னு வீட்டுக்காரி ஹேர் டிரையரை எடுத்து லைன்ல அடிச்சேன், கெக்கைக் கழட்டாம. ஒரு நிமிஷம் நல்லாத்தான் போச்சு. லைன் சூட்டுல கொழகொழன்னு ஆகி, உள்ள பிரஷர் இருக்கு, கிளாம்ப் மாட்டின இடத்துலேருந்து படக்குன்னு கழண்டுக்கிச்சு. லைன் பாம்பு மாதிரி ஆட, ஒரு பாட்டம் பீர் சுவத்துல, மிச்சம் தரையில ஓடி அவ காலைலேருந்து உக்காந்து போட்ட கலர் கோலத்துல போய்ச் சேந்துச்சு. டிரையர் கைல, கால்ல பீர், கரண்ட் வேற. நல்லவேளை ஒண்ணும் ஆகல. இன்னைக்கும் தீபாவளி வந்தா அந்தக் கோலத்தைத்தான் பேசுவாங்க.

இதே மாதிரி செய்யக் கூடாத இன்னொண்ணு, பின் தட்டுல ஐஸ் கட்டியிருந்தா அதைக் கத்தியாலயோ ஸ்க்ரூடிரைவராலயோ நோண்டறது. அந்தத் தட்டுக்குள்ளதான் ஃபிரிட்ஜைக் குளிர வைக்கற கேஸ் ஓடற பைப் இருக்கு, மெல்லிசு, ஒரு குத்துல ஃபிரிட்ஜ் குப்பைக்குப் போயிடும். புது ஃபிரிட்ஜ்ல பலதுல ஆர்600ஏ கேஸ், அது எரியற கேஸ் வேற. கதவைத் திறந்து விட்டு துணி போட்டு உக்காருங்க, அவ்வளவுதான்.

லைன் உருகினதும் உடனே மாட்டாதீங்க. தண்ணி ஐஸாகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும், அந்தத் தள்ளுல கிளாம்ப், அழுத்தி மாட்டற ஃபிட்டிங் எதாவது லேசா நழுவியிருக்கலாம். மாட்டி கொஞ்சம் பிரஷர் கொடுத்து சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க, முட்டை விட்டா அங்க லீக். லைனை மறுபடி ஒருவாட்டி கிளீன் பண்ணிடுங்க, ஒரு மாசம் நின்ன தண்ணி. டேப்பையும் கழட்டி உள்ள பாருங்க, காஞ்ச பீர் சக்கரைப் பாகு மாதிரி ஒட்டியிருக்கும், பாதி நேரம் "லைன் உறைஞ்சுடுச்சு"ன்னு கூப்பிடற வீட்டுல டேப்தான் ஒட்டிக்கிட்டு இருக்கும்.

சரி, ஏன் உறைஞ்சுதுங்கறதுக்கு வருவோம், இதை சரி பண்ணாம விட்டா அடுத்த வாரமே திரும்ப வரும். கன்ட்ரோலர் 1 டிகிரின்னு காட்டுது, ஆனா அது சென்சார் தொங்கற இடத்தோட கணக்கு மட்டும்தான். ஃபிரிட்ஜ்ல குளிர் எல்லா இடத்துலயும் ஒண்ணா இருக்காது. கம்ப்ரசர் ஓடும்போது பின் தட்டு மைனஸ் பதினஞ்சு, இருபது வரைக்கும்கூட போகும், நடுவுல காத்து 1, கெக்குக்குள்ள 2 மூணு. நீங்க பாக்கறது நடு நம்பரை, லைன் படுத்திருக்கறது மைனஸ் பக்கத்துல.

காத்துல தொங்கற சென்சார் பொல்லாதது. கதவைத் திறந்த உடனே சூடுன்னு நினைச்சு கம்ப்ரசரைக் கிளப்பிடும், கெக் நல்லா குளிரா இருந்தாலும். கரண்ட் ரெண்டு மணி நேரம் போயிட்டு வந்தாலும் இதேதான், காத்து சூடாகியிருக்கும் பீர் ஆகியிருக்காது, ஆனா கம்ப்ரசர் வரிஞ்சு கட்டிக்கிட்டு ஓடும். அதனால நிறைய பேர் சென்சாரைக் கெக் மேல ஒட்டி பஞ்சு வெச்சுக் கட்டச் சொல்வாங்க. பீர் எத்தனை டிகிரின்னு சரியா தெரியும், உண்மைதான், ஆனா அதுல வேற வம்பு இருக்கு. சூடான புதுக் கெக் ஒண்ணை உள்ள வெச்சீங்கன்னா அது 3 டிகிரிக்கு எறங்கற வரைக்கும் கம்ப்ரசர் மணிக்கணக்கா நிக்காம ஓடும், அத்தனை நேரமும் தட்டு மைனஸ்லயே கிடக்கும், பக்கத்துல எது பட்டாலும் கல்லாயிடும். செஸ்ட் ஃப்ரீசரை கெகரேட்டரா மாத்தினவங்களுக்கு இது ரெட்டிப்பு தலைவலி, அதுல தட்டுன்னு தனியா கிடையாது, நாலு பக்கச் சுவரே தட்டுதான்.

நான் பண்றது நடுவுல. அரை லிட்டர் பாட்டில்ல தண்ணி ஊத்தி மூடில ஓட்டை போட்டு சென்சாரை உள்ள விட்டு, கெக் பக்கத்துல நடு உயரத்துல வெச்சுடுவேன். காத்து மாதிரி துள்ளாது, கெக் மாதிரி தூங்கவும் தூங்காது. எஸ்டிசி-1000 மாதிரி கன்ட்ரோலர்னா எஃப்1ல (நமக்கு வேணும்ங்கற டிகிரி) 3 இல்ல 4 வைங்க, எஃப்2 (அதுக்கு மேல எவ்வளவு ஏறினா கம்ப்ரசர் கிளம்பணும்ங்கறது) ஆளுங்க 0.5ல விட்டிருப்பாங்க, அதை 1 ஆக்குங்க, எஃப்3 கம்ப்ரசர் நின்னுட்டு மறுபடி கிளம்ப எத்தனை நிமிஷம்ங்கறது, அஞ்சுக்குக் கீழ வேண்டாம். 1 டிகிரில பீர் வெச்சு என்ன கண்டீங்கன்னு தெரியல, நாக்கு மரத்துப் போகும், கஷ்டப்பட்டு நீங்களே காய்ச்சின பீரோட ருசியே தெரியாது. கன்ட்ரோலர் நம்பரை நம்பாம ஒரு கிளாஸ்ல தண்ணி ஊத்தி சாதா தெர்மாமீட்டர் போட்டு ராத்திரி முழுக்க உள்ள வெச்சுப் பாருங்க, ரெண்டும் ஒத்துப் போகலைன்னா எஃப்4ல திருத்திக்கலாம்.

அதைவிட முக்கியம் லைன் எங்க படுக்குதுங்கறது. கெக் மேல இருக்கற ரப்பர் பிடிக்குள்ள வட்டமா சுருட்டி வெல்க்ரோ பட்டையால கட்டிடுங்க, கதவு சாத்தும்போது சரிஞ்சு பின்னாடி போகக் கூடாது. நான் ஒரு பழைய பிராய் கிரில்லை எடுத்து, கால்ல ஹோஸ் பைப் துண்டு மாட்டி, தட்டுல படாம அஞ்சு சென்டிமீட்டர் தள்ளி நிக்க வெச்சிருக்கேன், அதைத் தாண்டி லைன் போக முடியாது. தட்டு மேலயே தெர்மகோல் ஒட்டறாங்க சில பேர், அது குளிரையே அடைச்சு வைக்கறது, வேண்டாம். ஒரு சின்ன கம்ப்யூட்டர் ஃபேன், 12 வோல்ட், கீழேருந்து மேல ஊதற மாதிரி வெச்சா மேல கீழ வித்தியாசம் குறையும், டவர்ல முதல் கிளாஸ் நுரைக்கறதும் குறையும். ஆனா அதைத் தட்டுப் பக்கத்துல வெச்சு நேரா லைன் மேல ஊத விட்டா நீங்களே உறைய வெக்கறீங்கன்னு அர்த்தம்.

இப்போ அந்த நுரை. 30 பிஎஸ்ஐல குளிர்ந்த பீரை ரெண்டு நாள் வெக்கறதுங்கறது கேஸே ஏறாத புது பீருக்கு அவசரமா ஏத்தற முறை. உங்க பீர் ஏற்கனவே ஏறினது, இப்போ மூக்கு முட்ட குடிச்சிருக்கு. ஜிஞ்சர் பீரும் அதே ரெகுலேட்டர்ல இருக்கறதால அதுக்கும் அதே கதி, அதோட லைன்ல பொடி ஐஸ் இருந்திருக்கும், ஐஸுக்குள்ள கேஸ் தங்காது, வெளிய தள்ளிவிடும், அதுவும் நுரைதான். ரெண்டு கெக்குலயும் கேஸ் லைனைக் கழட்டி, ரிலீஃப் வால்வைத் தூக்கி முழுசா விடுங்க, நாலஞ்சு மணி நேரம் கழிச்சு மறுபடி, ராத்திரி ஒருவாட்டி, காலைல ஒருவாட்டி. பீர்லேருந்து கேஸ் மெதுவாத்தான் மேல வரும், ஒரே மூச்சுல எறங்காது. ஒண்ணு ரெண்டு நாள்ல பதம் வந்துடும்.

பதம் வந்ததும் எத்தனைல வைக்கறதுன்னா, எனக்கு இங்க கடல் ஓரத்துல 3 டிகிரிக்கு 12 பிஎஸ்ஐ சரியா இருக்கும். நீங்க 1500 மீட்டருக்கு மேல உக்காந்திருக்கீங்க, அங்க வெளிக்காத்தோட அழுத்தமே குறைச்சல், கேஜ் காட்டறது வெளிக்காத்துக்கு மேல எவ்வளவுங்கறதைத்தான். அதே கேஸ் அளவு வேணும்னா ரெண்டு, ரெண்டரை பிஎஸ்ஐ கூட்டி 14 சொச்சம் வைக்கணும். டர்பன்ல இருக்கற மச்சான் சொன்ன நம்பரை ஜோபர்க்ல வெச்சுட்டு பீர் சப்புனு இருக்குன்னு சொல்றவங்க நிறைய. ஊத்தும்போது வேகமா வந்தா பிரஷரைக் குறைக்காதீங்க, லைன் நீளத்தைக் கூட்டுங்க. சிலிண்டர் ஃபிரிட்ஜுக்குள்ள இருந்தா பெரிய கேஜ் முள்ளு எறங்கிக் காட்டும், 20 டிகிரில 57 பார் காட்டறது 3 டிகிரில 38 பக்கம் நிக்கும், கேஸ் லீக்குன்னு பதறாதீங்க, குளிருக்கு அப்படித்தான்.

பீர் கெட்டுப் போச்சான்னா, கெக்குக்குள்ள உறைஞ்சிருந்தாத்தான் கவலை. கெக்கைத் தூக்கி லேசா ஆட்டுங்க, தண்ணி மாதிரி சலசலன்னா ஒண்ணும் ஆகல, மணல் மாதிரி சரசரன்னா உள்ள ஐஸ் இருக்கு. அப்படி இருந்தா உருகற வரைக்கும் ஊத்தாதீங்க, உறையறது தண்ணிதான், மிச்சம் நிக்கறது சாராயம் கூடின பீர், அப்போ ஊத்தினா முதல்ல வர்ற கிளாஸ் தலைக்கு ஏறும், கடைசில வர்றது கழனித் தண்ணி. முழுசா உருகினப்புறமும் கொஞ்சம் கலங்கலா இருக்கும், நுரை நிக்காது, குடிக்கலாம், விருந்தாளிக்கு வெக்க முடியாது.

ப்ளூம்ஃபான்டைன் பக்கம் இருக்கறவங்க யாராவது இதைப் படிச்சா ஒண்ணு மட்டும், உங்களுக்கு ஜூலை குளிர்காலத்துல வெளிய ஸ்டூப்ல (வாசல் திண்ணை) வெச்ச டவர் வெளியிலேருந்தே உறையும், உள்ள எத்தனை டிகிரி வெச்சாலும் பிரயோஜனம் இல்ல, ராத்திரி டவர்ல இருக்கற பீரைத் தள்ளிவிட்டு மேல ஒரு பழைய கம்பளித் தொப்பி மாட்டிடுங்க. எனக்கு அந்தக் கஷ்டம் இல்ல, இங்க வேர்வைதான்.

தம்பிக்குத் திரும்ப வரேன். அடுத்த புரட்டாசிக்கு லைனை அலசினதும் அப்படியே விடாதீங்க. காலிக் கெக் ஒண்ணை மூடி கொஞ்சம் கேஸ் ஏத்தி அதுல லைனை மாட்டி டேப்பைத் திறந்தீங்கன்னா கேஸ் வந்து தண்ணியைப் பூரா வெளிய தள்ளிடும், கடைசில துப்பித் துப்பி நின்னுடும், அப்போ கழட்டி வெச்சுடுங்க. டேப்பைக் கழட்டி கழுவி சமையல்கட்டு டிராயர்ல போட்டுடுங்க, ஒரு மாசம் கண்ணுல படாம இருக்கறதும் நல்லதுதான். ஜிஞ்சர் பீர் மட்டும் 3 டிகிரிக்குக் கீழ எறக்காதீங்க, பிள்ளைங்க லீவுக்கு எங்கயாவது போனா அந்த லைனும் நின்னுடும்.